அந்த ஒரு வரிக்கு மட்டும்

எங்கள் ஆபீசில் இருந்த அக்கா பொதுவான எதிலும் கை வைக்க மாட்டாள். இதைச் சொல்லிவிட்டால் அவளைப் பற்றி முக்கால்வாசி சொன்ன மாதிரிதான். மீதிக் கால்வாசியை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். நான் படுகிறேன்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஓர் உரக்கடை, அதன் மாடியில் ஒரு ஹால், பின்னால் சாப்பிட ஒரு சின்ன அறை. ஓனர் முதலில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவர். பிறகு ஃப்ளெக்ஸ் போட்டார். ஊரில் எல்லாரும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்ததும் அதற்கு வெப் பக்கம் செய்து தரும் வேலைக்கு மாறினார். லிங்க்கைத் தொட்டால் போனில் பக்கம் திறக்கும். மேலே பிள்ளையார், அவருக்குக் கீழே கட்சித் தலைவர்கள், பிறகு மணமக்கள், பிறகு உறவுக்காரர்கள் பெயர்கள், கடைசியில் மண்டபத்துக்கு வழி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வோம். ஓனர் ஆர்டர் பிடிப்பார், அக்காவும் நானும் பக்கம் செய்வோம். நான் திண்டிவனத்தில் பிசிஏ முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். அனந்தபுரத்துப் பெண், செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள், ஹைஸ்கூலில் படிக்கும் ஒரு பையனுக்கு அம்மா.

வெப் பக்கத்தில் ஒரு பெயர் எந்த அளவில், எந்த நிறத்தில், எவ்வளவு இடம் விட்டு வர வேண்டும் என்று சொல்ல இரண்டு வழி இருக்கிறது. கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது முதல் வழி. உறவுக்காரர்கள் வரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைக்க வேண்டும், 'உறவு' என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த 'உறவு' எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தனியாக வேறொரு ஃபைலில் விதியாக எழுதிவிட வேண்டும். அங்கே ஓர் இடத்தில் மாற்றினால் பக்கம் முழுக்க மாறிவிடும். அக்காவின் வழி வேறு. ரெடிமேடாகக் கிடைக்கும் குட்டிக் குட்டிக் குறிச்சொற்கள், கிளாஸ் என்போம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலைதான் செய்யும். 'எம்டி ஃபோர்' என்றால் மேலே கொஞ்சம் இடம். 'டெக்ஸ்ட் சென்டர்' என்றால் நடுவில் வரும். 'டெக்ஸ்ட் எக்ஸெல்' போட்டால் எழுத்து கொஞ்சம் பெரிதாகும், 'டூ எக்ஸெல்' போட்டால் இன்னும் பெரிதாகும். எந்த வரிக்கு வேண்டுமோ அந்த வரியிலேயே ஒட்டிவிட வேண்டியதுதான், வேறு எதுவும் அசையாது. இன்றைக்கு நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். நானே இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் நான் இதைக் கேலி செய்தேன். படித்த திமிர். மேல்சித்தாமூரில் ஒரு ஜைனர் வீட்டுக் கல்யாணம், பக்கத்தை நான் என் வழியில் அழகாக விதி எழுதிச் செய்திருந்தேன். லிங்க் உறவுக்காரர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு பெண்ணின் அப்பா போன் செய்தார். தாய்மாமன் பெயர் கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். நான் அவசரத்தில் விதியில் இருந்த அளவைக் கூட்டினேன். மாமனோடு சேர்ந்து சித்தப்பா, பெரியப்பா, அத்தை, அத்தை வீட்டுக்காரர் எல்லாரும் வீங்கிவிட்டார்கள். மணப்பெண் பெயர் அவர்களுக்கு நடுவில் எறும்பு மாதிரி கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். நான் மாற்றியதைப் பழையபடி ஆக்கினாள். மாமன் வரியில் மட்டும் ஒரு சின்ன கிளாஸை ஒட்டினாள். அவ்வளவுதான்.

"நம்ம ஊர்ல ஒறவுக்கெல்லாம் ஒரே சட்டம் போட முடியுமாடி? அவருக்கு இன்னா வேணுமோ அத அவரு வரியில ஒட்டிடு. மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"எல்லாரும் ஒவ்வொண்ணா கேட்டா?"

"கேக்கட்டும். ஒவ்வொண்ணா ஒட்டுவோம். பொதுவுல கை வெச்சாதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க."

எல்லாரும் கேட்டார்கள். போன் அடித்தபடியே இருக்கும். மாப்பிள்ளையின் அண்ணன் படம் கொஞ்சம் மேலே வர வேண்டும், வார்டு மெம்பர் சிரிக்கிற படம் வேண்டும், பெரியம்மா பெயர் சிவப்பில் வேண்டும், வேண்டாம் சிவப்பு கண்ணை உறுத்துகிறது. எல்லாவற்றுக்கும் அக்காவின் பதில் "பண்ணிடலாங்க" என்பதுதான். முடியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பக்கத்தின் கோடிங்கைத் திறந்து பார்த்தால் சில பெயர்களின் வரியில் பத்துப் பன்னிரண்டு கிளாஸ் தொங்கும். ஒன்று பெரிதாக்கும், ஒன்று போனில் பார்த்தால் மட்டும் சின்னதாக்கும், ஒன்று தள்ளும், இன்னொன்று தள்ளியதை இழுத்துப் பிடிக்கும். அந்த வரி முதலில் எப்படி இருக்க வேண்டுமென்று நினைத்தோம் என்பது யாருக்கும் தெரியாது. "அக்கா, இந்தச் சித்தப்பா தலையில இருக்கற மூட்டைய எறக்கி வையேன், கழுத்து ஒடிஞ்சிடப் போவுது" என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். ஆனால் எதையும் எடுக்க மாட்டாள், இன்னொன்றைச் சேர்ப்பாள்.

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்ததும் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுப்பாள். உப்பு. மாமியாருக்கு பி.பி., குழம்பில் உப்புப் போடக் கூடாது. மாமனாருக்குக் காரம் ஆகாது, வீட்டுக்காரருக்குக் காரம் இல்லாவிட்டால் இறங்காது, பையனுக்குப் புளிப்புப் பிடிக்காது. இவள் யாருக்கும் பிடித்தும் பிடிக்காமலும் ஒரு குழம்பு வைத்து, தட்டில் போடும்போது ஒவ்வொருவருக்கும் ஒன்றைத் தூவுவாள். தனக்கு வேண்டிய உப்பைப் பொட்டலமாகக் கட்டி ஆபீசுக்குக் கொண்டுவருவாள். ஏன், வீட்டிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்டேன்.

"அத்தை பாத்தா, எனக்கு மட்டும் உப்பில்லாம ஆக்கறியான்னு மனசு கஷ்டப்படுவாங்கடி."

ஹாலில் அவள் இடம் மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம். மதியத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வெயில் நகர நகர அவளும் நாற்காலியை நகர்த்துவாள். சாயங்காலம் பார்த்தால் சுவரில் தோள் உரச உட்கார்ந்திருப்பாள். ஒரு திரைத்துணி கேட்டால் ஓனர் வாங்கித் தந்திருப்பார். அவரும் கெட்டவர் இல்லை. கேட்டால்தானே.

அவள் வழியில் ஒரு கோளாறு இருப்பதை ஒரு சாவு வீட்டில்தான் பார்த்தோம். அனந்தபுரம் பக்கத்தில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அந்த வீட்டுக் கல்யாணப் பக்கத்தை அதற்குக் கொஞ்ச காலம் முன்பு நாங்கள்தான் செய்திருந்தோம். உறவுக்காரர்கள் அதே ஆட்கள்தானே, அதையே காப்பி எடுத்து அஞ்சலிப் பக்கமாக மாற்றிவிடுங்கள் என்றார் ஓனர். கலரை மாற்றினோம், திரையில் பூ கொட்டுவதை நிறுத்தினோம், பெரியவர் படத்தை வைத்தோம், அனுப்பிவிட்டோம். பெயர்களை யாரும் பார்க்கவில்லை.

கல்யாணத்தின்போது மூத்த மருமகனுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெயரைப் போடாமலும் இருக்க முடியாது, மற்றவர்களுக்குச் சமமாகப் போடவும் மனமில்லை. கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள் என்று அந்த வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அக்கா அவர் வரிக்கு மட்டும் 'டெக்ஸ்ட் எஸ்எம்' என்று ஒட்டினாள். அது யார் கண்ணிலும் படவில்லை, கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஒட்டியது வரியோடு இருந்தது, வரி காப்பியோடு சாவு வீட்டுக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் மருமகன் சமாதானமாகிவிட்டிருந்தார். பாடைக்கு மூங்கில் வெட்டியதிலிருந்து எல்லாம் அவர்தான் ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தாராம். யாரோ ஒருவர் போனைக் காட்டி, "இன்னாய்யா, உன் பேரு மட்டும் இத்தினியூண்டு இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். மனிதர் அப்படியே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவரின் மகன் ஓனருக்குப் போன் செய்து ஒரே அழுகையும் திட்டும். பிணத்தை எடுக்க முடியவில்லை. ஓனர் போனோடு எங்கள் மேசைக்கு ஓடிவந்தார். அக்கா பதறவே இல்லை. அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, ஒட்டியதை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டினாள். "ஒரு தடவ மூடிட்டுத் தொறந்து பாக்கச் சொல்லுங்க சார்" என்றாள். மருமகன் பைக்கை விட்டு இறங்கிவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது.

"எல்லாருக்கும் ஒரே விதி போட்டிருந்தா இது நடந்திருக்காதுக்கா" என்றேன்.

"போட்டிருந்தா கல்யாணத்தன்னிக்கே அடிதடி ஆயிருக்கும். இன்னா சொல்ற?"

அவள் சொன்னதும் சரி. ஆனால் ஊர் வாயை அடைக்க அந்த இடத்தில் மட்டும் ஒட்டிய ஒன்று, ஒட்டியவளே மறந்த பிறகும் அங்கேயே இருக்கிறது, போகிற இடமெல்லாம் கூடவே போகிறது. அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பார்த்து முதல் தடவையாக ஒரு பயம் வந்தது.

தை மாதம் முடியும்போது அவள் மேசையில் மௌஸ் இடது பக்கம் வந்தது. நான் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுக் கேட்டேன். வலது தோள் பிடித்திருக்கிறது என்றாள். கைப்பையும் இடது தோளுக்கு மாறியது. தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். இடது கையால் மௌஸைப் பிடித்து, முதலில் தடவித் தடவி, பிறகு பழகி, பழைய வேகத்துக்கே வந்துவிட்டாள். நன்றாக இருக்கிறதே என்று நான் கை தட்டினேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டு அறையில் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருக்கிறாள், எதற்குப் பிரிக்கிறாள்? கேட்டதும் கதவைச் சாத்தச் சொன்னாள். என் கையைப் பிடித்து வலது அக்குள் பக்கம் வைத்தாள்.

"தொட்டுப் பாரு. வலிக்கலடி. ஆனா போவ மாட்டேங்குது."

பெரிய நெல்லிக்காய் அளவில், கல்லாக இருந்தது. மார்பில் இன்னொன்றும் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே கடைத்தெருவில் இருக்கும் லேடி டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "இங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுங்க. தள்ளிப் போடாதீங்க. இந்த வாரமே போங்க" என்றார். வெளியே வந்ததும் அக்கா, "டென்ஷன் ஆவாத. வூட்ல சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் வந்து, "போலாம்னாரு. மல்லாட்ட புடுங்க ஆள் வந்திருக்குது, அது முடிஞ்சதும் போலாம்னு சொன்னாரு" என்றாள். நிலக்கடலை பிடுங்கி முடிந்தது. பையனுக்கு முழுப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்ததும் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்த மாதமாக இருக்கிறது, வைகாசி போகட்டும் அம்மா, பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்றார் ஓனர். ஒவ்வொருவர் கேட்டதும் சின்ன விஷயம்தான். ஒவ்வொருவருக்கும் அவள் "சரி" என்று சொன்னாள். அவள் ஜாக்கெட்டில் பிரிக்க இனித் தையல் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் வீட்டுக்காரர் பைக்கில் அழைத்துப்போக வந்தபோது மாடியிலிருந்து இறங்கிப்போய் நேராகவே கேட்டேன்.

"அண்ணா, அக்காவ பாண்டிச்சேரிக்குக் கூட்டினு போவணும்னு டாக்டர் சொன்னாங்களே, எப்பண்ணா போறீங்க?"

"தெரியும்மா. சொன்னா. அம்மா கண்ணு ஆபரேஷன் முடியட்டும், போயிடலாம். அவளே சொல்றா இல்ல, வலி ஒண்ணும் இல்லன்னு."

சாந்தமான மனிதர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், வரும்போதெல்லாம் பையனுக்கும் எனக்கும் சேர்த்து ஏதாவது பலகாரம் வாங்கி வருவார். ஒரு ராட்சசனாக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். மறுநாள் அக்காதான் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீ ஏண்டி அவர ரோட்ல வெச்சுக் கேட்ட? பாவம், ராத்திரி சாப்பாடே எறங்கல அவருக்கு."

வைகாசி முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை. நாமே போய்விடலாம், நான் கூட வருகிறேன், வீட்டில் சொல்லிவிட்டு வா என்றேன். வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி இரண்டு சீட் பிடித்து உட்கார்ந்தோம். டிரைவர் ஏறி உட்கார்ந்து சாமி படத்துக்குப் பூ மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க... இப்பவா?... இல்லங்க, பஸ்ஸுலதான் இருக்கோம்... எத்தினி பேருங்க?... சரிங்க. வந்துடறேன்."

நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள், இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்களாம். மாமியாருக்குக் கண்ணில் கட்டு. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எறங்காதக்கா" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ முடியாதுன்னு சொல்லுக்கா. செத்தா போயிடுவாங்க?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

அவள் குனிந்து என் காதோரம் சொன்னாள். "முடியாதுன்னு சொன்னா அது இன்னியோட நிக்காதுடி. மாமியாரு ஒரு பக்கம், நாத்தனா ஒரு பக்கம், அவரு நடுவுல. வூடே ஆடிப்போயிடும். நான் ஒருத்தி கொஞ்சம் நவுந்துக்கினா எல்லாம் அதது எடத்துல இருக்கும் இல்ல? நாளைக்கும் இதே பஸ்ஸு போவும்."

இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். கூட்டத்துக்குள் இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனாள். வீட்டில் பால் போதுமா என்று போனில் விசாரித்துக்கொண்டே போனாள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டு அழுதேன். ஒரு கீரைக்காரம்மா, யாரு கண்ணு தவறிட்டாங்க என்று என்னைக் கேட்டார்.

ஆடியில் அவள் வலது கை முழுக்க வீங்கிவிட்டது. வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எதற்காகவும் காத்திருக்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தெரிந்தவரிடம் கார் கேட்டு வாங்கி வந்தார். பொம்பளை ஆள் கூட இருந்தால் நல்லது என்று அக்கா சொன்னதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் அவர் ஓயாமல் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது தெரிந்தது.

வரிசையில் வெகுநேரம் நின்ற பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டர், பெண். திரைக்குப் பின்னால் அக்காவைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அக்காவின் வீட்டுக்காரருக்குக் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"எங்ககிட்ட சொல்லவே இல்லைங்க டாக்டர்" என்றார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அக்காவின் இடது கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"ஆமாங்க டாக்டர். நான்தான் யாருகிட்டயும் சொல்லல."

டாக்டருக்குக் கோபம் பொங்கிவிட்டது. படித்த பெண்தானே, கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாய், இந்தக் காலத்தில் இதைப் போய் மறைப்பார்களா, உன் பையனை நினைத்துப் பார்த்தாயா என்று அவளைப் பிடித்துத் திட்டத் தொடங்கினார். அக்கா தலையைக் குனிந்து ஒவ்வொன்றுக்கும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டை விடவில்லை. அவள் வீட்டுக்காரரின் முகம் மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. அவர் நாற்காலியை இழுத்து இன்னும் கொஞ்சம் முன்னால் போட்டுக்கொண்டார்.

"நல்லா கேளுங்க டாக்டர்" என்றார், கண் கலங்க. "இப்பிடித்தான் இவ. எதையும் வாயத் தொறந்து சொல்லவே மாட்டா."